குரூப் பாலிசி டெம்ப்ளேட்: செயலிகளின் டிஃபால்ட் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க

நாற்பது கம்ப்யூட்டர் உள்ள ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். குரோமைத் திறந்தால் அலுவலகத்தின் உள்தளம் முதலில் வர வேண்டும். எக்செல் கோப்புகள் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமிக்கப்பட வேண்டும். பிடிஎஃப் கோப்பை டபுள் கிளிக் செய்தால் பிரவுசருக்குப் போகாமல் பிடிஎஃப் ரீடரில் திறக்க வேண்டும். ஒவ்வொரு மேசையாகப் போய் இதைச் செய்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அடுத்த வாரம் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்கு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்த வேலையைச் சர்வரில் ஒருமுறை எழுதிவைத்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்புவதற்கு, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே குரூப் பாலிசி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் செயலிகளுக்கான அமைப்புகளைக் காட்டும் பகுதிதான் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ்.

தொடங்கும்முன் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது பயனர் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற தொடக்க அமைப்பா, மாற்றவே கூடாது என்ற பூட்டா? டெம்ப்ளேட்டில் இருக்கும் பெரும்பாலான அமைப்புகள் பூட்டுபவை. ‘டிஃபால்ட் வைக்கிறேன்’ என்று நினைத்துப் பூட்டைப் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மறுநாள் காலையிலேயே ‘என்னால் எதையும் மாற்ற முடியவில்லை’ என்று புகார் வரத் தொடங்கும்.

டெம்ப்ளேட் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

டெம்ப்ளேட்டை அச்சிட்ட விண்ணப்பப் படிவம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எந்தெந்தக் கட்டங்களை நிரப்பலாம், எதில் எண் வரும், எதில் எழுத்து வரும் என்பது மட்டுமே அதில் இருக்கும். படிவம் எந்த வேலையையும் தானாகச் செய்வதில்லை.

ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் இரண்டு கோப்புகளாக வரும். ஏடிஎம்எக்ஸ் என்பது எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்ட கோப்பு. ஒவ்வொரு பாலிசியின் உள்பெயர், அது கம்ப்யூட்டருக்கா பயனருக்கா இரண்டுக்குமா, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் செயலிகளும் தங்கள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம்) எந்தக் கிளையில் எந்தப் பெயரில் எந்த மதிப்பை எழுத வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஏடிஎம்எல் என்பது மொழிக்கோப்பு. திரையில் தெரியும் தலைப்பும் விளக்கமும் அதில்தான் இருக்கின்றன. இந்த ஜோடி விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதற்கு முன்பு ஏடிஎம் என்ற பழைய வடிவம் இருந்தது. ஒவ்வொரு பாலிசித் தொகுப்புக்குள்ளும் அந்தக் கோப்புகள் நகலாகும். தொகுப்பு ஒன்றுக்குச் சுமார் 4 எம்பி வீதம் பாலிசிகளைச் சேமித்துவைக்கும் சிஸ்வால் என்ற சர்வர் ஃபோல்டர் வீங்கிக்கொண்டே போகும்.

நீங்கள் குரூப் பாலிசி எடிட்டரில் ஓர் அமைப்பை நிரப்பி ஓகே கொடுத்ததும் அந்த மதிப்பு, ஜிபிஓ எனப்படும் பாலிசித் தொகுப்புக்குள் ரெஜிஸ்ட்ரி டாட் பால் என்ற கோப்பில் பதிவாகும். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அந்தக் கோப்பைச் சர்வரிலிருந்து எடுத்து, அதில் உள்ளதைத் தங்கள் ரெஜிஸ்ட்ரியில் எழுதிக்கொள்ளும். குரோமோ எக்செலோ திறக்கும்போது அந்த இடத்தைப் படித்து அதன்படி நடக்கும்.

இந்தச் சங்கிலி மனதில் இருந்தால் பல குழப்பங்கள் தாமாகவே தீரும். அந்த இடத்தைப் படிக்கும்படி எழுதப்படாத செயலியை எந்த டெம்ப்ளேட்டாலும் கட்டுப்படுத்த முடியாது. சர்வரிலிருந்து டெம்ப்ளேட்டை நீக்கினாலும் ஏற்கெனவே அனுப்பிய அமைப்பு நீங்காது, ஏனென்றால் மதிப்பு தொகுப்புக்குள் இருக்கிறது. டெம்ப்ளேட் பழையது என்றால் செயலியில் புதிதாக வந்த அமைப்புகள் எடிட்டரில் தெரியாது. அதைத் தவிர எதுவும் கெட்டுப்போகாது.

ஓர் அமைப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். குரோமில் வீட்டுப் பட்டனைக் காட்டும் பாலிசியை இயக்கினால், எச்கேஎல்எம் (கம்ப்யூட்டர் முழுமைக்குமான ரெஜிஸ்ட்ரிப் பகுதி) \ சாஃப்ட்வேர் \ பாலிசீஸ் \ கூகுள் \ குரோம் என்ற இடத்தில் ஷோஹோம்பட்டன் என்ற பெயரில் 1 என்ற எண் எழுதப்படும். குரோம் அதைப் பார்த்ததும் பட்டனைக் காட்டி, பயனர் அதை அணைக்க முடியாதபடி செய்துவிடும். அதே பெயரையும் அதே எண்ணையும் ஓர் அடுக்கு கீழே, ரெக்கமெண்டட் என்ற கிளைக்குள் எழுதினால் பட்டன் தெரியும். பயனர் விரும்பினால் அணைத்துக்கொள்ளலாம். பூட்டுக்கும் டிஃபால்ட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒரே ஒரு கிளைதான்.

பாலிசீஸ் என்ற கிளைக்கு இரண்டு சிறப்புகள் உண்டு. சாதாரணப் பயனர் அதில் எழுத முடியாது. பாலிசித் தொகுப்பு ஒரு கம்ப்யூட்டருக்குப் பொருந்தாமல் போனால் அது எழுதிய மதிப்புகளை விண்டோஸ் தானே துடைத்துவிடும். இந்தக் கிளைக்கு வெளியே எழுதும் அமைப்புகள் அப்படி நீங்காது. தொகுப்பை அழித்த பிறகும் பச்சை குத்தியதுபோல் நிற்கும் என்பதால் அதை ‘டாட்டூயிங்’ என்பார்கள்.

மூன்று நிலைகள்

ஒவ்வொரு பாலிசிக்கும் நாட் கான்ஃபிகர்டு, எனேபிள்டு, டிஸேபிள்டு என்று மூன்று நிலைகள். நாட் கான்ஃபிகர்டு என்றால் இந்தத் தொகுப்பு அதைத் தொடவே இல்லை. முடிவு பயனரிடமோ வேறு தொகுப்பிடமோ இருக்கிறது. டிஸேபிள்டு என்பது அப்படியல்ல, அதுவும் ஒரு கட்டளை. குறிப்பாக, பெயர் ‘டர்ன் ஆஃப்’ என்று தொடங்கும் பாலிசிகளில் கவனம் வேண்டும். அதை டிஸேபிள்டு என்று வைத்தால் ‘அணைக்காதே’ என்றாகி, பல பாலிசிகளில் அந்த வசதி கட்டாயமாக இயங்கும். ‘வேண்டாம், பழையபடி விட்டுவிடு’ என்ற எண்ணத்தில் டிஸேபிள்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அதற்கு உரியது நாட் கான்ஃபிகர்டு. வலப்பக்கத்தில் இருக்கும் விளக்கத்தில் மூன்று நிலைக்கும் என்ன நடக்கும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதை முழுதாகப் படித்துவிட்டு ஓகே கொடுப்பது நல்லது.

டெம்ப்ளேட்டை எங்கே வைப்பது

விண்டோஸின் சொந்த டெம்ப்ளேட்டுகள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ளன. மொழிக்கோப்புகள் அதற்குள் ஈஎன்-யுஎஸ் போன்ற உள்ஃபோல்டர்களில் இருக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், ஆஃபிஸ் ஆகியவற்றுக்கான டெம்ப்ளேட்டுகளை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து தனியாகப் பதிவிறக்க வேண்டும்.

டொமைனில், அதாவது மையமாக நிர்வகிக்கப்படும் கம்ப்யூட்டர், பயனர் கணக்குகளின் தொகுதியில், ஒன்றுக்கு மேற்பட்ட நிர்வாகிகள் இருந்தால் சென்ட்ரல் ஸ்டோர் வைத்துக்கொள்வதே சரி. டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்வால் ஷேரில், டொமைன் பெயருக்குக் கீழே பாலிசீஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பாலிசிடெஃபினிஷன்ஸ் என்ற ஃபோல்டரை உருவாக்கினால் அதுவே சென்ட்ரல் ஸ்டோர். அன்றிலிருந்து எடிட்டர் அந்த இடத்தை மட்டுமே பார்க்கும், உள்ளூர்க் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பார்க்காது.

இங்கேதான் பலர் பயந்துபோவது. வெற்று ஃபோல்டரை உருவாக்கி அதில் குரோம் டெம்ப்ளேட்டை மட்டும் போட்டுவிடுவார்கள். எடிட்டரைத் திறந்தால் விண்டோஸின் நூற்றுக்கணக்கான அமைப்புகள் காணாமல் போயிருக்கும். ஜிபிஓவின் ரிப்போர்ட்டில் பழைய அமைப்புகள் ‘எக்ஸ்ட்ரா ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ்’ என்ற தலைப்பில் பெயரில்லாமல் நிற்கும். உண்மையில் எதுவும் அழியவில்லை, படிவம் மட்டும்தான் இல்லை. உங்கள் அலுவலகத்தில் உள்ளவற்றில் புதிய விண்டோஸ் பதிப்பு எதுவோ, அதன் பாலிசிடெஃபினிஷன்ஸ் ஃபோல்டரை முழுதாக அங்கே நகலெடுத்துவிட்டு, அதன் மேல் மற்ற டெம்ப்ளேட்டுகளைச் சேருங்கள்.

நகலெடுக்கும்போது தாய்க்கோப்பை விட்டுவிடாதீர்கள். குரோம் டெம்ப்ளேட்டோடு கூகுள் என்ற பெயரிலும், ஃபயர்ஃபாக்ஸோடு மொஸில்லா என்ற பெயரிலும் இன்னோர் ஏடிஎம்எக்ஸ் வரும். அது இல்லாவிட்டால் எடிட்டர் பிழைச் செய்தி காட்டும். ஏடிஎம்எக்ஸை மட்டும் புதுப்பித்து ஏடிஎம்எல்லைப் பழையதாகவே விட்டாலும், ‘ரிசோர்ஸ் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் பிழை வரும். இரண்டையும் எப்போதும் ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள். உங்கள் விண்டோஸ் மொழிக்குரிய ஏடிஎம்எல் இல்லையென்றால் எடிட்டர் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போகும். அதனால் ஈஎன்-யுஎஸ் ஃபோல்டர் எப்போதும் இருக்க வேண்டும்.

குரோம்: மாற்றக்கூடிய தொடக்கப் பக்கம்

குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலைத் திறந்து புதிய ஜிபிஓ ஒன்றை உருவாக்குங்கள். பெயரைப் பார்த்ததும் வேலை புரிய வேண்டும்; ‘பயனர் – குரோம் – டிஃபால்ட்’ என்பதுபோல் வைக்கலாம். எடிட் செய்து யூசர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், கூகுள் என்று இறங்கினால் இரண்டு கிளைகள் தெரியும். ஒன்று ‘கூகுள் குரோம்’ என்று மட்டும் இருக்கும். அதில் வைப்பதெல்லாம் பூட்டு. மற்றொன்றின் பெயரிலேயே ‘டிஃபால்ட் செட்டிங்ஸ், யூசர்ஸ் கேன் ஓவர்ரைட்’ என்று இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. எட்ஜிலும் இதேபோல் இரண்டு கிளைகள் உண்டு. முதல் கிளையில் உள்ள எல்லாமே இரண்டாவதில் இருக்காது; டிஃபால்ட்டாக வைக்க அனுமதி உள்ளவை மட்டுமே இருக்கும்.

அதில் தொடக்கப் பக்கங்களுக்கான ஃபோல்டரில் இரண்டு பாலிசிகளைச் சேர்த்து அமைக்க வேண்டும். ‘ஆக்‌ஷன் ஆன் ஸ்டார்ட்அப்’ என்பதை எனேபிள் செய்து, குறிப்பிட்ட முகவரிகளைத் திறக்கும் தேர்வை எடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் அது 4 என்று பதியும். பிறகு தொடக்க முகவரிகளுக்கான பாலிசியை எனேபிள் செய்து, ‘ஷோ’ பட்டனை அழுத்தி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரியை எழுதுங்கள். முகவரியை மட்டும் எழுதிவிட்டு முதல் பாலிசியை மறந்தால் எதுவும் நடக்காது. முகவரிப் பட்டியல் என்ன இருந்தாலும், அதைத் திறக்கும்படி முதல் பாலிசி சொல்லாதவரை குரோம் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஜிபிஓவை முதலில் சோதனைக்கான ஓயூ (கணக்குகளைப் பிரித்துவைக்கும் டொமைன் உட்பிரிவு) ஒன்றில் மட்டும் இணையுங்கள். அதில் ஒரு சோதனைப் பயனர் போதும். அவருடைய கணக்கில் லாகின் செய்து, கமாண்ட் பிராம்ப்ட்டில், பாலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கமாண்டை ஃபோர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிறகு குரோமில் பாலிசி என்ற உள்பக்கத்தைத் திறந்தால், வந்து சேர்ந்த பாலிசிகள் பட்டியலாகத் தெரியும். ‘லெவல்’ என்ற நெடுவரிசையில் ‘ரெக்கமெண்டட்’ என்று இருந்தால் டிஃபால்ட். ‘மேண்டேட்டரி’ என்று இருந்தால் தவறான கிளையில் அமைத்திருக்கிறீர்கள். எட்ஜிலும் இதே பெயரில் பக்கம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் பக்கங்களில் ‘பாலிசீஸ்’ என்பது.

இரண்டு இடங்களில் ஏமாற்றம் வரலாம். பயனர் ஏற்கெனவே தன் கையால் தொடக்கப் பக்கத்தை மாற்றியிருந்தால் அவருடைய தேர்வுதான் வெல்லும். ரெக்கமெண்டட் மதிப்பு அதற்குப் பின்னால்தான் நிற்கும். பாலிசி வந்து சேர்ந்தும் பழைய பயனர்களிடம் வேலை செய்யவில்லை என்று தோன்றுவது இதனால்தான். அது பிழையல்ல, டிஃபால்ட் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். இன்னொன்று: தொடக்கப் பக்கம், தேடுபொறி போன்ற சில பாலிசிகளை, நிர்வாகத்தின் கீழ் இல்லாத தனி விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் ஏற்காது. தீம்பொருள்கள் இதே வழியைப் பயன்படுத்தித் தொடக்கப் பக்கத்தைக் கடத்தக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்து ‘வரவில்லையே’ என்று குழம்ப வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸ் இதை வேறு விதமாகச் செய்கிறது. அங்கே தனிக் கிளை இல்லை. முகப்புப் பக்கம் போன்ற பாலிசிகளிலேயே பூட்டலாமா வேண்டாமா என்ற தேர்வு இருக்கும். லிப்ரெஆஃபிஸில் ஒவ்வொரு மதிப்போடும் ஃபைனல் என்ற துணை மதிப்பு உண்டு. அதில் 1 என்று எழுதினால் பூட்டு.

எக்செல்: டெம்ப்ளேட் பூட்டத்தான் செய்யும்

ஆஃபிஸ் டெம்ப்ளேட்டில் எக்செலின் சேமிப்பு அமைப்புகளுக்குள் ‘டிஃபால்ட் ஃபைல் ஃபார்மட்’ என்ற பாலிசி இருக்கிறது. 2016, 2019, 2021, மைக்ரோசாஃப்ட் 365 ஆகிய எல்லாமே உள்ளுக்குள் 16.0 என்ற பதிப்பெண்ணையே பயன்படுத்துவதால் டெம்ப்ளேட்டில் 2016 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். எக்ஸ்எல்எஸ்எக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எச்கேசியு (அந்தப் பயனருக்கான ரெஜிஸ்ட்ரிப் பகுதி) பாலிசீஸ் கிளையில், எக்செலின் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் டிஃபால்ட்ஃபார்மட் என்ற பெயரில் 51 பதியும். பழைய எக்ஸ்எல்எஸ்ஸுக்கு எண் 56. பெயரில் டிஃபால்ட் என்று இருந்தாலும் இது பூட்டு. பயனர் எக்செலின் ஆப்ஷன்ஸில் போய் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாலும் பாலிசியின் மதிப்பே செல்லும்.

பழைய மென்பொருள் ஒன்றுக்காகத் தினமும் எக்ஸ்எல்எஸ்ஸில் சேமிக்க வேண்டிய ஒருவர் கணக்குப் பிரிவில் இருந்தால், அவருக்கு இது பெரும் தொந்தரவு. இப்படிப்பட்ட இடத்தில் டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு, அதே எடிட்டரில் இருக்கும் பிரிஃபரன்ஸஸ் பகுதிக்குப் போங்கள். யூசர் கான்ஃபிகரேஷன், பிரிஃபரன்ஸஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், ரெஜிஸ்ட்ரி. அங்கே புதிய பதிவொன்றை உருவாக்கி, பாலிசீஸ் கிளைக்கு வெளியே எக்செலின் சொந்த இடத்தில், அதாவது எச்கேசியு \ சாஃப்ட்வேர் \ மைக்ரோசாஃப்ட் \ ஆஃபிஸ் \ 16.0 \ எக்செல் \ ஆப்ஷன்ஸ் என்பதில், அதே பெயரில் டிவேர்ட் வகையில் 51 எழுதச் சொல்லுங்கள். எண்ணை டெசிமலில் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டம் ஹெக்ஸில் இருந்தால் 51 வேறோர் எண்ணாகிவிடும். காமன் என்ற தாவலில் ‘அப்ளை ஒன்ஸ் அண்ட் டு நாட் ரீஅப்ளை’ என்பதை டிக் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு பயனருக்கும் ஒரே ஒருமுறை எழுதப்படும், பிறகு அவர் விருப்பம்.

இந்த டிக்குக்கு ஒரு விளைவு உண்டு. பிறகு நீங்கள் அதே பதிவில் மதிப்பை மாற்றினால், ஏற்கெனவே பெற்றவர்களுக்குப் புதியது போகாது. அவர்களுக்கும் போக வேண்டுமென்றால் அந்தப் பதிவை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். ஜிபிஓவை எடுத்துவிட்டாலும் எழுதிய மதிப்பு அங்கேயே இருக்கும். முன்பு சொன்ன டாட்டூயிங் இதுதான்.

பிடிஎஃப்: எந்தக் கோப்பு எந்தச் செயலியில்

கோப்பு வகைகளுக்கான டிஃபால்ட் செயலியை ரெஜிஸ்ட்ரியில் நேராக எழுத முடியாது. விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வோடு ஹேஷ் என்ற சரிபார்ப்பு மதிப்பையும் விண்டோஸ் பதிந்துவைக்கிறது. வெளியிலிருந்து யாராவது மாற்றினால் ஹேஷ் பொருந்தாது, விண்டோஸ் அதை நிராகரித்துவிடும். அதற்கான வழி ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு.

மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றில் பிடிஎஃப் ரீடரை நிறுவி, செட்டிங்ஸில் பிடிஎஃப்புக்கு அதை டிஃபால்ட்டாக வையுங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு டிஸ்ம் கமாண்டில் டிஃபால்ட் ஆப் அசோசியேஷன்களை எக்ஸ்போர்ட் செய்யும் ஆப்ஷனை ஓட்டினால் எக்ஸ்எம்எல் கிடைக்கும். அந்தக் கோப்பில் நீங்கள் மாற்றியது மட்டும் இருக்காது. படம், பாட்டு, வீடியோ, மெயில் என்று அந்தக் கம்ப்யூட்டரின் எல்லாத் தேர்வுகளும் இருக்கும். நோட்பேடில் திறந்து பிடிஎஃப் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. காரணம், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்பதற்குக் கீழுள்ள ‘செட் எ டிஃபால்ட் அசோசியேஷன்ஸ் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ பாலிசி, அந்தக் கோப்பை ஒவ்வொரு லாகினிலும் மறுபடி அமல்படுத்தும். பயனர் படங்களுக்கு வேறு செயலியை மாலையில் தேர்ந்தெடுத்தால் மறுநாள் காலை அது போய்விடும். அவருக்கு ஏன் என்றே தெரியாது.

பிடிஎஃப்பும் ஒருமுறை மட்டும் அமைந்தால் போதும் என்றால், அந்த வரியில் சஜஸ்டெட் என்ற பண்பை ட்ரூ என்று சேர்த்து, கோப்பின் தலைமை உறுப்பில் வெர்ஷன் எண்ணையும் கொடுக்க வேண்டும். அப்போது அது தொடக்கப் பரிந்துரையாக மட்டும் நிற்கும்.

கோப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சர்வர் ஷேரில் வைத்தால் வீட்டில் லாகின் செய்யும் லேப்டாப்புக்கு அது எட்டாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சி டிரைவிலும் நகலெடுத்துவைத்து, அந்த உள்ளூர்ப் பாதையைப் பாலிசியில் கொடுப்பது நம்பகமானது. இந்தப் பாலிசி டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டர்களில்தான் வேலை செய்யும். கோப்பில் சொன்ன ரீடர் அந்தக் கம்ப்யூட்டரில் நிறுவப்படவில்லை என்றாலும் பயனில்லை; முதலில் செயலி, பிறகு பாலிசி.

வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

முதலில் இணைத்த இடம். யூசர் கான்ஃபிகரேஷனில் செய்த அமைப்பு, பயனர் கணக்குகள் இருக்கும் ஓயூவில் இணைந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் என்றால் கம்ப்யூட்டர் கணக்குகள் இருக்கும் ஓயூவில். மாற்றி இணைத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, எதுவும் நடக்கவும் செய்யாது. ‘வரவில்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது நேரம். சாதாரணக் கம்ப்யூட்டர்கள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசியைப் புதுப்பிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காமலிருக்க அதோடு 0 முதல் 30 நிமிடம்வரை கூடுதலாகச் சேரும். அதனால் இரண்டு மணி நேரம்வரை பொறுக்கலாம். செயலி திறந்தே இருந்தால் சில அமைப்புகள் அதை மூடித் திறந்த பிறகுதான் தெரியும்.

பிறகு முரண்பாடு. பாலிசிகள் உள்ளூர், சைட் (கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க் இடம்), டொமைன், ஓயூ என்ற வரிசையில் அமலாகும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாக வந்தது வெல்லும், மேலிருந்து ‘என்ஃபோர்ஸ்டு’ என்று இணைத்திருந்தால் ஒழிய. எந்த ஜிபிஓ வென்றது என்று அறிய, ஜிபிரிசல்ட் கமாண்டை எச்டிஎம்எல் ரிப்போர்ட் கேட்டு ஓட்டுங்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் நேராக ‘வின்னிங் ஜிபிஓ’ என்று பெயர் இருக்கும். நிர்வாகி உரிமை இல்லாமல் ஓட்டினால் கம்ப்யூட்டர் பகுதி அதில் வராது.

கடைசியாக, கண்ணில் படாத ஒன்று. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, பயனருக்கான பாலிசியையும் கம்ப்யூட்டர் தன் கணக்கின் உரிமையில்தான் சர்வரிலிருந்து எடுக்கிறது. ஜிபிஓ யாருக்குப் பொருந்தும் என்று வரையறுக்கும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் ‘ஆதென்டிகேடட் யூசர்ஸ்’ என்பதை நீக்கிவிட்டு ஒரு பயனர் குழுவை மட்டும் சேர்த்தால், கம்ப்யூட்டருக்கு அந்த ஜிபிஓவைப் படிக்கவே உரிமை இருக்காது. டெலிகேஷன் தாவலில் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்கு ரீட் உரிமை மட்டும் கொடுத்தால் சரியாகிவிடும். அப்ளை உரிமை தேவையில்லை.

ஓர் அமைப்பை முழுதாகத் திரும்பப் பெற வேண்டும் என்றால், டெம்ப்ளேட் பாலிசிகளுக்கு நாட் கான்ஃபிகர்டு என்று மாற்றினாலோ ஜிபிஓவின் இணைப்பை எடுத்தாலோ போதும். அடுத்த புதுப்பிப்பில் மதிப்பு நீங்கும். பிரிஃபரன்ஸஸில் எழுதியதற்கு அது போதாது. அதே பதிவின் ஆக்‌ஷனை ‘டெலீட்’ என்று மாற்றி, ஒருமுறை மட்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டு, எல்லாப் பயனர்களும் ஒருமுறையாவது லாகின் செய்யும்வரை அந்த ஜிபிஓவை விட்டுவையுங்கள். நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் திரும்பிய பிறகே அதை அழிக்கலாம்.